நாலே கால் கட்டை

— பைக்குழலைக் கீழ வை வின்னி. அது சங்கத்துச் சொத்து.

— வைக்க மாட்டேன் கத்பர்ட். மில்பர்ன் கிழவர் கண்ணை மூடுற வரைக்கும் எட்டு மாசம் புண்ணு கழுவி, போர்வை மாத்தி, கஞ்சி ஊட்டினது நானா, உன் சங்கமா? உன் சங்கத்து ஆளுங்க வந்தது ஒரே ஒரு நாள். அன்னைக்கும் சாவு எப்ப விழும்னு கேட்டுட்டு, என் ரொட்டியை முழுசாத் தின்னுட்டுப் போனாங்க. ஐடா, அந்த உயில் காகிதத்தை இன்னொரு தடவை படி. தலைவருக்குக் காது மந்தம்.

— கத்பர்ட் அண்ணே, செயலாளர்ங்கிற முறையில படிச்சுடறேன். "என்னிடமுள்ள ஆறாம் குழலும், அதற்குரிய நாற்காலியும், நர்ஸ் வினிஃப்ரெட் ஷீலுக்கு." கீழ ரெண்டு சாட்சி. ரெண்டு பேரும் குடிக்காதவங்க.

— நாற்காலியை எழுதி வைக்க மில்பர்ன் யாரும்மா? இந்தாப் பாரு. ஏழு குழல், ஏழு நாற்காலி. எங்கப்பா ஜேக்கப் டெல்ஃபர் தன் கையால கடைஞ்சது, தன் வாயால சொன்னது. ஹார்ல் பள்ளத்தாக்குல பிறந்தவன்தான் உட்காரணும். சங்க விதி ஒண்ணு. நீ யாரு? கடலோரத்து நிலக்கரிக் குழிக்காரன் மக.

— பத்து வயசுல வந்தேன் ராசா. இப்ப எழுபத்திரண்டு. அறுபத்திரண்டு வருஷமா உங்க ஊர் மழையிலதான் நனையறேன்.

— மழையில ஆடும்தான் நனையுது. ஆட்டுக்கு நாற்காலி குடுக்கிறோமா?

— நீ குடுத்திருக்கியே. மூணாம் நாற்காலியில உட்கார்ந்து வாசிக்கிறானே ஒருத்தன், அவன் வாசிப்பைக் கேட்டுட்டுப் போன மாசம் ரெண்டு ஆட்டுக்கடா வேலி தாண்டி வந்துச்சு, இனமுன்னு நினைச்சு.

— ஐடா! இதை எழுதாதே!

— எழுதலை அண்ணே. பேனாவைத் தொறக்கவே இல்லை. ஆனா மணி ஒண்ணரை ஆச்சு. ரெண்டு மணிக்கு மேடை. முன்னாடி கூடாரத்துல யார் வளர்த்த லீக் வெங்காயத் தண்டு பெருசுங்கிற போட்டி முடிஞ்சு பரிசு குடுத்துட்டாங்கன்னா, அடுத்தது நம்ம சங்கம்தான். ஆறு பேர் உட்கார்ந்து ஒரு நாற்காலி காலியா இருந்தா, கோக்கட் பள்ளத்தாக்குக்காரங்க சிரிப்பாங்க.

— அவனுங்க எப்பவும்தான் சிரிப்பானுங்க. சிரிக்கட்டும். காலி நாற்காலி கௌரவம். நிலக்கரித் தூசி படிஞ்ச நாற்காலி அவமானம்.

— தூசியா? யோவ், எங்கப்பா குளிச்ச சோப்புல உங்க பள்ளத்தாக்கையே ரெண்டு தடவை வெளுக்கலாம். சரி, பிறந்தவன் பிறந்தவன்னு சொல்றியே, நான் இங்க நாப்பது வருஷம் பிரசவம் பார்த்தவ. யார் யார் எங்க பிறந்தாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லவா? உன் மூத்தவன், நாலாம் நாற்காலிக்காரன், ஆம்புலன்ஸ்ல பிறந்தான். வண்டி எங்க நின்னுச்சு தெரியுமா? பாலத்துக்கு அந்தப் பக்கம். கோக்கட் மண்ணு.

— பொய்!

— பாலத்துக்கு அந்தப் பக்கம் நூத்து நாப்பது அடி. நானே எட்டு வச்சு அளந்தேன். உன் பொண்டாட்டி ஒரு பக்கம் கத்துறா, நீ ஒரு பக்கம் டிரைவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு "வண்டியைப் பின்னால எடு, பின்னால எடு"ன்னு அழறே. பின்னால எடுக்கிறதுக்குள்ள தலை வந்துடுச்சு. கோக்கட் காத்தைத்தான் முதல்ல குடிச்சான். அதான் வாசிக்கிறப்ப அவன் விரல் தடுமாறுது.

— அது... அந்த இடம் தகராறுல இருக்கு. எல்லைக்கல்லு யாரோ நகர்த்தி வச்சது.

— ஐடா, இதை மட்டும் எழுது.

— அக்கா, தயவுசெஞ்சு. ரெண்டு பேரும் டீ குடிங்க. கேக்கு சூடா இருக்கு. விதிப்படியே போவோம். கத்பர்ட் அண்ணே, விதி ஒண்ணுன்னு சொன்னீங்க. விதி ஒன்பதும் இருக்கே.

— எதுக்கு இப்ப ஒன்பது?

— படிக்கிறேன். "பள்ளத்தாக்கில் பிறவாதவர், கருவியைத் தொடாமலும் சுருதியைக் கேளாமலும், வெறும் வாயால் ஹார்ல் சுருதியைப் பிழையின்றிப் பாடிக் காட்டினால், அவரைச் சேர்க்கலாம்." ஜேக்கப் ஐயா கையெழுத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு, மார்ச் மாசம்.

— ஒன்பதாம் விதியில இதுவரைக்கும் நாப்பத்து மூணு பேர் வந்தாங்க. நாப்பத்து மூணு பேரும் போனாங்க. ஏன்? அந்தச் சுருதி தொண்டையில வராது. ரத்தத்துல வரணும்.

— என் வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர் அண்ணே.

— ரெஜி நல்லவர்தாம்மா. நியூகாசில்காரர் என்ன செய்வார், பாவம். நகரத்துக் காது.

— அன்னைக்கு நீங்க இதே டீ பாத்திரத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சுப் பாடச் சொன்னீங்க. முடிஞ்சதும் எல்லாரும் கைதட்டிச் சிரிச்சாங்க. அப்புறம் அவர் தன் பைக்குழல் துருத்தியைத் தொடவே இல்லை. அதைக் கோழிக்கூட்டுக்கு மூடியா வச்சிருக்கார். சரி, அதை விடுங்க.

— கேட்டியா தலைவரே? ஒரு நல்ல துருத்தி கோழிக்கூட்டுக்கு மூடி. உன் ரத்தச் சுருதி செஞ்ச வேலை. எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாவட்டம் பூராவும் பைக்குழல் நாலு கட்டையில வாசிக்குது. கோக்கட் நாலு கட்டை, ரீட் பள்ளத்தாக்கு நாலு கட்டை, டைன் பள்ளத்தாக்கு நாலு கட்டை. உங்களுக்கு மட்டும் நாலே கால். யாரோடயும் சேர்ந்து வாசிக்க முடியாது, பிடிலோட ஒட்டாது, சர்ச்சு ஆர்மோனியத்தோட வச்சா நாய் ஊளையிடுது. இதுல என்னய்யா பெருமை?

— யாரோடயும் சேராது, அதுதான் பெருமை! அந்த ஸ்காட்லாந்துக்காரன் பாவாடையைக் கட்டிக்கிட்டு, கன்னம் வெடிக்க வாயால ஊதிக்கிட்டு, நாலு மலை தாண்டிக் கேக்கிற மாதிரி கத்துறானே, அதுவா வாசிப்பு? நம்மது கக்கத்துத் துருத்தி. குழலோட முனை மூடியிருக்கு. ஒரு விரலைத் தூக்கினா ஒரு சுரம், வச்சா மௌனம். ஒவ்வொண்ணும் தனித்தனியா, முத்து முத்தா விழணும். அதுலயும் ஹார்ல் சுருதி இந்த உலகத்துலயே ஹார்ல்ல மட்டும்தான். உனக்கு அந்தக் கதை தெரியாது.

— தெரியாதா? வருஷா வருஷம் மேடையில சொல்றியே. போன வருஷம் பனி பத்தடி. அதுக்கு முந்தின வருஷம் எட்டடி. சொல்லு, இந்த வருஷம் எத்தனை அடி?

— பன்னிரண்டு அடி! நான் கண்ணால பார்த்தேன். அறுபத்து மூணு பிப்ரவரி. ஆடுங்க நின்ன இடத்துலயே நின்னு விறைச்சுப் போச்சு, சிலை மாதிரி. அலமாரியில இருந்த விஸ்கி உறைஞ்சுது. எங்க சித்தப்பா தும்மினார், அது தரையில விழுந்து உடைஞ்சுது.

— ஐடா, தும்மல் உடைஞ்சதை எழுதிக்கிட்டியா?

— போன வருஷமே எழுதிட்டேன் அக்கா.

— கிண்டல் பண்ணு, பண்ணு. அந்தப் பனியில கோக்கட்காரனுங்க நாலு பேர் சறுக்கு வண்டியில வந்தானுங்க, எங்கப்பாவோட போட்டி வாசிக்க. இதே கட்டடம். அடுப்பு எரியுது. எங்கப்பா எழுந்தார். அவர் கையில இந்த இசைக்கவை. இதே கவை, ஐடா கையில இருக்கே, இதுதான். எங்க தாத்தா காலத்து எஃகு, ரெண்டு முனை, தட்டினா ஒரே சுருதி. தட்டி மேசையில ஊனினார். எல்லாரும் குழலை எடுத்துச் சுருதி சேக்கிறாங்க... சேரலை. அப்பா குழல் சேரலை, கோக்கட்காரன் குழலும் சேரலை. எல்லாக் குழலும் கவையோட சுருதிக்குக் கீழ நிக்குது.

— அய்யோ பாவம்.

— கோக்கட்காரன் ஒருத்தன் சிரிச்சான். "ஜேக்கப், உன் கவை கெட்டுப் போச்சு"ன்னான். அப்பா கண்ணை மூடிக்கிட்டு நின்னார். ஒரு நிமிஷம். வெளிய ஹார்ல் ஓடை, ஐஸுக்கு அடியில ஓடுற சத்தம். அப்பா சொன்னார், "கவை பொய் சொல்லாது. ஹார்ல் எழுந்துடுச்சு. இனிமே எங்க ஓடை பாடுற சுருதிதான் எங்க சுருதி. உங்களுக்கு எட்டலைன்னா அது உங்க குறை." அவ்வளவுதான். பதினோரு நாள் தூங்கலை. குட்டி போட்ட ஆட்டைக்கூட எட்டிப் பார்க்கலை. கடைசல் பட்டறையில உட்கார்ந்து, புதுச் சுருதிக்கு ஏழு குழல் புதுசாக் கடைஞ்சார். அதுல ஆறாவதுதான் உன் மடியில இருக்கிறது. எடு கையை.

— எடுக்க மாட்டேன். பாடறேன். ஒன்பதாம் விதி. ஐடா, கவையைக் கையில பிடி. தட்டாதே. நான் சொன்னதுக்கு அப்புறம் தட்டு.

— நீயா? நீ பாடறியா? இந்தாம்மா, வயசான காலத்துல அசிங்கப்படாதே. ரெண்டு மணிக்கு ஊரே கேக்கும், நாப்பத்து நாலாவது ஆள் யாருன்னு.

— தோத்தா குழலை உன் கையில குடுத்துட்டு, இனிமே இந்தக் கட்டடத்து வாசல்ல கால் வைக்க மாட்டேன். ஜெயிச்சா இன்னைக்கு ஆறாம் நாற்காலியில நான். சரியா? ஐடா முன்னால சொல்லு.

— சரி. சொல்லிட்டேன். எழுது ஐடா. அடுப்பை அணை. டீ பாத்திரத்தை இறக்கு, அது ரீங்காரம் போடுது. ஜன்னலை மூடு.

— மூடிட்டேன் அண்ணே. வின்னி அக்கா, எப்படின்னு தெரியும்ல? நீங்க பாடிக்கிட்டே இருக்கணும், நான் கவையைத் தட்டி மேசையில ஊனுவேன். ரெண்டு சத்தமும் ஒண்ணாக் கலந்துட்டா சரி. நடுவுல வவ்வவ்வவ்னு அலை அடிச்சா தப்பு.

— தெரியும். என்னைக்கோ தெரியும். ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்.

— தட்டு!

— தட்டிட்டேன் அண்ணே.

— ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்.

— இன்னும் பலமாத் தட்டு!

— மேசையே அதிருது அண்ணே. அலையைக் காணோம்.

— இரு. இரு. காதை மேசையில வைக்கிறேன்.

— ம்ம்ம்ம்ம்ம்... மூச்சு முட்டுது ராசா, கேட்டு முடிச்சியா? இல்லை, நான் இப்படியே சாகிற வரைக்கும் பாடணுமா?

— கத்பர்ட் அண்ணே? எழுந்திரிங்க. கன்னத்துல கேக்குத் துண்டு ஒட்டியிருக்கு.

— டீ பாத்திரம். அதுல இருந்து பிடிச்சுட்டா. அந்த ரீங்காரம் நாலே காலு.

— டீ பாத்திரம் எப்ப ஹார்ல்ல பிறந்துச்சு?

— காலையில இருந்து இந்தப் பக்கம் சுத்திக்கிட்டு இருந்தே. வெளிய நம்ம ஆளுங்க சீவாளி சரி பண்ணிக்கிட்டு வாசிக்கிறதைக் கேட்டிருப்பே. சுருதியைக் காதுல அடைச்சுக்கிட்டு வந்து இங்க கொட்டறே. இது பாட்டு இல்லை, திருட்டு. மறுபடியும்! ஐடா, உன் போனை எடு. கோக்கட்காரனுங்க வாசிப்பு எதாவது இருந்தா போடு. நாலு கட்டை. நல்லாச் சத்தமா. காதுக்குள்ள வச்சுக் கழுவு.

— அண்ணே, விதியில அப்படி இல்லையே...

— நான் தலைவர். போடு!

— போடு ஐடா. ஒரு மணி நேரம் போடு. வேணும்னா கோக்கட்காரனுங்களையே உள்ள கூப்பிட்டு என் தலையைச் சுத்தி நிக்க வச்சு வாசிக்கச் சொல்லு.

— போட்டேன். நிறுத்தவா? நிறுத்திட்டேன்.

— பாடு இப்ப. பார்க்கலாம்.

— ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்.

— தட்டறேன்... அண்ணே.

— வாயை மூடு ஐடா.

— அலையே இல்லை அண்ணே. கவை எது, அக்கா எதுன்னே தெரியலை.

— எழுதட்டும் கத்பர்ட். நாப்பத்து நாலாவது ஆள். பேரு வினிஃப்ரெட் ஷீல். பிறந்த ஊர் ஆஷிங்டன். நிலக்கரித் தூசி நிறைய. தேர்ச்சி.

— எழுதாதே.

— அண்ணே!

— எழுதாதேன்னா எழுதாதே. ஒன்பதாம் விதியை ரத்து பண்றேன். இந்த நிமிஷத்துல இருந்து. தலைவருக்கு அதிகாரம் இருக்கு. நாற்காலி கிடையாது. குழலைக் குடு.

— தோத்தா வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு நான் சொன்னேன். ஜெயிச்சா நாற்காலின்னு நீ சொன்னே. ஐடா முன்னால. உன் வாய்தானே அது, இல்லை பின்னால எடுத்த ஆம்புலன்ஸா?

— உன் மாதிரி ஒருத்தி அந்தச் சுருதியைப் பாடினாலும் அது உன்னுது ஆயிடாது. அது எங்க ஓடையோட குரல். எங்க அப்பன் பாட்டனோட குரல். நீ கிளிப்பிள்ளை. எவனோ பெத்ததை இடுப்புல தூக்கிக்கிட்டு என் புள்ளைன்னு சொல்ற மாதிரி.

— என்ன சொன்னே?

— திருட்டுப் புள்ளைன்னு சொன்னேன்.

— ஐடா, கதவைத் தாழ்ப்பாள் போடு. அறுபத்தொரு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போதும். அந்தக் கவையை என்கிட்டக் குடு. பயப்படாதே, கடிக்க மாட்டேன். கத்பர்ட், கண்ணாடியைப் போட்டுக்கோ. கவையோட ரெண்டு முனையையும் பாரு.

— என்ன பாக்கணும்?

— முனை மழமழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?

— ...பழசு. தேய்ஞ்சிருக்கும்.

— தேய்ஞ்சா உருண்டையாத் தேயும். இது வெட்டி வச்ச மாதிரி தட்டையா இருக்கு. ரெண்டு முனையும் ஒரே அளவு. அது தேய்ஞ்சது இல்லை. அரத்தால ராவினது. ராவினது நான்.

— அக்கா!

— உட்காரு ஐடா. அந்த வருஷம் பிப்ரவரி. எனக்குப் பதினோரு வயசு. குழல் கத்துக்கணும்னு ஜேக்கப் டெல்ஃபர் பட்டறைக்குப் போனேன். கைநிறைய முட்டை கொண்டு போனேன், குருதட்சிணை. அவர் கவையைத் தட்டினார். "பாடு"ன்னார். பாடினேன். "கடற்கரைக் காது. ஏத்திப் பாடறே. கால் கட்டை ஏத்திப் பாடறே. போ, போயி நிலக்கரி பொறுக்கு"ன்னார். முட்டையை மட்டும் திருப்பிக் குடுக்கலை. நான் ஏத்திப் பாடலை கத்பர்ட். எனக்குத் தெரியும் நான் ஏத்திப் பாடலைன்னு. மறுநாள் மத்தியானம். உங்க வீட்டுல எல்லாரும் பனியில ஆடு தோண்டப் போயிட்டீங்க. நான் பட்டறைக்குள்ள நுழைஞ்சேன். ஆட்டுக் கொம்பு ராவுற அரம் மாட்டியிருந்துச்சு. எடுத்தேன். கால் கட்டை ஏத்திப் பாடறேன்னு சொன்னாருல்ல? அப்ப கவையே கால் கட்டை ஏறட்டும். ஒரு முனை கொஞ்சம், மறு முனை கொஞ்சம். தட்டிப் பாக்கறது, ராவறது, தட்டிப் பாக்கறது. முனை குறைஞ்சா சுருதி ஏறும். சரியா நாலே காலுக்கு வந்ததும் நிறுத்தினேன். அடுத்த நாள் அவரு தட்டுவாரு, திகைப்பாரு, என்னைத் தேடி வருவாரு, "உன் காதுதாண்டி சரி"ன்னு சொல்லுவாருன்னு நினைச்சேன். பதினோரு வயசுப் புத்தி. அன்னைக்குச் சாயங்காலமே கோக்கட்காரனுங்க வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஓடை எழுந்துடுச்சுன்னு அந்தப் பெரிய மனுஷன் சொல்லுவாருன்னு கனவுலயும் நினைக்கலை. ஜன்னலுக்கு வெளிய குப்பைத்தொட்டி மேல நின்னு பார்த்தேன். சிரிப்பு வந்துச்சு. ஏழு குழல் கடையறாருன்னு கேள்விப்பட்டதும் பயம் வந்துச்சு. அப்புறம் அறுபத்தொரு வருஷம்.

— அக்கா... அப்ப ஓடை?

— ஓடை எப்பவும்போல ஓடிக்கிட்டு இருக்கு ஐடா. அதுக்கு வேற வேலை இல்லையா?

— கத்பர்ட் அண்ணே, இது பொய்யின்னு சொல்லுங்க. நீங்க ஏன் சத்தம் போடலை? ஆம்புலன்ஸுக்கு அவ்வளவு குதிச்சீங்களே. உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா?

— உன் கையுறை கொம்பு ராவுற மேசை மேல கிடந்துச்சு.

— என்னது?

— சிவப்புக் கையுறை. ஒத்தை. பட்டறையைக் கூட்டினது நான். பதினாலு வயசு. அரத்துக்குக் கீழ எஃகுத் தூள், மினுமினுன்னு. கோக்கட்காரனுங்க போன பிறகு ரெண்டையும் அப்பாகிட்டக் காட்டினேன்.

— அடப்பாவி. அந்தக் கையுறைக்கு எங்கம்மா என்னை ரெண்டு அறை அறைஞ்சா.

— அப்பா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சரியாத்தான் பாடுச்சு கத்பர்ட்"ன்னார். எனக்கும் தெரியும். நீ பாடறப்ப நான் கதவுகிட்டத்தான் நின்னேன். ஒரு மயிரிழை பிசகலை.

— அப்ப ஏன் ஏழு குழல் கடைஞ்சார்?

— என்ன பண்ணச் சொல்றே? கோக்கட்காரன் முகத்துக்கு நேரா சொல்லியாச்சு, ஹார்ல் எழுந்துடுச்சுன்னு. அடுத்த வாரம் பத்திரிகையில போட்டுட்டான். சர்ச்சுல பாதிரியார் அதை வச்சுப் பிரசங்கம் பண்ணிட்டார். ஆடு மேய்க்கிறவன், பால் கறக்கிறவன் எல்லாம் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தான், எங்க ஓடைக்குச் சொந்தச் சுருதின்னு. அந்த மனுஷங்ககிட்டப் போயி, ஒரு பதினோரு வயசுக் குழிக்காரன் மக கவையை ராவிட்டான்னு சொல்றதா? கவையை மாத்த முடியலை. குழலை மாத்தினார்.

— விதி ஒண்ணு எப்ப எழுதினது அண்ணே? இங்க தேதி... மார்ச் ரெண்டு. கோக்கட்காரங்க வந்து நாலு நாள்ல.

— அதுக்கு முந்தி விதியே கிடையாதும்மா. சங்கமே கிடையாது. யார் வேணாலும் வந்து வாசிச்சுட்டுப் போவாங்க. மில்பர்னே பிறந்தது ஸ்காட்லாந்துலதான், விதிக்கு முந்தியே உள்ள இருந்ததால யாரும் கேக்கலை.

— என்ன?

— அப்பாவுக்குப் பயம். இந்தப் பொண்ணு உள்ள வந்தா, என்னைக்காவது ஒரு நாள் வாயைத் திறந்துடும்னு. பேரைப் போட்டு "வின்னியைச் சேக்காதே"ன்னு எழுத முடியுமா? ஏன்னு கேப்பாங்க. அதனால பள்ளத்தாக்குல பிறந்தவன்தான்னு பொதுவா எழுதினார். உன் ஒருத்திக்காகத்தான் வின்னி. சாகும்போதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது அது ஒண்ணுதான்.

— ஒரு சின்னப் பொண்ணைத் தடுக்க மொத்த உலகத்தையும் வெளிய நிறுத்தினீங்களா? அப்ப ரெஜி? நாப்பத்து மூணு பேர்?

— ஒன்பதாம் விதி நியாயத்துக்காக வச்சது ஐடா. உலகத்துல எங்கயும் இல்லாத சுருதி. வெறும் வாயால அதை யாரு பாட முடியும்னு நினைச்சார்.

— செஞ்சவ பாடுவா.

— அதை அவர் நினைச்சுப் பார்க்கலை.

— என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷம் அந்தத் துருத்தியைத் தொடலை அண்ணே. நகரத்துக் காதுன்னு தன்னையே சொல்லிக்குவார். இந்த விதிப் புத்தகத்தை இப்ப அந்த டீ பாத்திரத்துக்குள்ள போட்டுடலாமான்னு இருக்கு.

— போடாதே ஐடா. வின்னி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். வாழ்க்கையில முதல் தடவை. வெளிய கோக்கட்காரனுங்க இருபது பேர் உட்கார்ந்திருக்கானுங்க. அவனுங்களுக்குத் தெரிஞ்சா, இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தனும் தலை தூக்கி நடக்க முடியாது.

— கோக்கட்காரனுக்கா? அவனுக்கு நான் ஏன்யா சொல்றேன்? நாலு கட்டையில ஊதற மொண்ணைப் பசங்க. நாலே காலைப் பார்த்து எவனாவது பல்லைக் காட்டினா, அரம் எங்கே மாட்டியிருக்குன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அது எவ்வளவு அழகான சுருதி தெரியுமா உனக்கு? ஒவ்வொரு ராவலுக்கும் நான் கேட்டுக் கேட்டுச் செஞ்சது.

— மணி அடிக்கிறாங்க. லீக் தண்டு முடிஞ்சுது. அண்ணே, எல்லாரும் மேடைக்குப் போயாச்சு. நான் எதாவது எழுதியாகணும்.

— எழுது. எழுதித் தொலை. குழலையும் அவளே வச்சுக்கட்டும். வினிஃப்ரெட் ஷீல் இன்னைக்குச் சங்கத்துல சேர்ந்தார்னு எழுது.

— "வினிஃப்ரெட் ஷீல் இன்று..."

— அடிச்சுடு ஐடா. தப்பா எழுதறே. நான் எங்கயும் சேரலை. கத்பர்ட் டெல்ஃபர், அவங்கப்பா ஜேக்கப் டெல்ஃபர், ரெண்டு பேரும் என் சங்கத்துல சேர்ந்து அறுபத்தொரு வருஷம் ஆச்சுன்னு எழுது.